பத்திரம்

'செக்யூரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால் யோசிக்காமல் 'பாதுகாப்பு' என்கிறோம். பத்திரிகைச் செய்தியில் மட்டுமல்ல, நம் சிறுபத்திரிகைகளில் வரும் கவிதை மொழிபெயர்ப்புகளிலும் இதுதான் நடக்கிறது. மனசின் பாதுகாப்பு, தேசத்தின் பாதுகாப்பு, முதலீட்டின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சொல் ஒன்றாக இருப்பதால் விஷயமும் ஒன்றே என்ற மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்று விட்டுவிடக்கூடியதல்ல என்பது என் கட்சி.

இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குக் 'கவலையற்ற' என்று பொருள். கவலையின்மை ஆபத்து இல்லாததாலும் வரலாம், ஆபத்து கண்ணில் படாததாலும் வரலாம். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இரண்டாவது பொருளும் உயிரோடு இருந்தது. மாக்பெத்தை வீழ்த்த ஹெக்கட்டி நம்பியிருப்பது அவனுடைய இந்தக் கவலையின்மையைத்தான். பி.ஏ. வகுப்பில் அந்த இடத்துக்கு ஓரத்தில் ஒரு குறிப்பெழுதிக்கொண்டு மேலே போய்விட்டேன். பாங்கில் குமாஸ்தாவான பிறகுதான் அந்தச் சொல் முழுசாக என் எதிரே வந்து நின்றது.

பாங்கில் கடன் வாங்குகிறவர் செக்யூரிட்டி கொடுக்கிறார். வீட்டையோ நகையையோ கொடுக்கிறார். கவலை நீங்குவது கடன் கொடுத்தவருக்கு. வாங்கியவருக்குக் கவலை அன்றுதான் ஆரம்பம். 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தவணை தவறினால் 60 நாள் அறிவிப்புக்குப் பின் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ள பாங்குகளுக்கு அதிகாரம் தந்தது. விவசாய நிலம் இதற்கு விலக்கு. இந்தச் சட்டப்படி வந்த ஒரு அறிவிப்பில் கடன் கொடுத்தவரைப் 'பாதுகாக்கப்பட்ட கடனளித்தவர்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு, மொழிபெயர்த்தவர் அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

தமிழில் இதற்கு நிகரான குழப்பத்தை நான் கேட்டது நேமத்தான்பட்டி ஆச்சி ஒருவரிடம். பங்காளிகள் பாகம் பிரித்ததில் தம் பங்குக்கு வந்த சின்ன வீட்டை மகனின் கடைக்காக ஈடு வைத்திருந்தார். கவுண்டரில் நின்று, "வீட்டுப் பத்திரம் பத்திரமா இருக்கும்ல தம்பி?" என்று கேட்டார். 'பத்ர' என்றால் நலம். இந்தக் குழப்பம் வடமொழியில் கிடையாது. அங்கே ஓலை, ஏடு என்ற பொருளுள்ள சொல் வேறு, நலம் என்ற பொருளுள்ள சொல் வேறு. இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தில் ஒரு வேர் இரண்டு பொருளாகப் பிரிந்தது. இங்கே இரண்டு வேர்கள் ஒரு சொல்லாகச் சேர்ந்தன. காகிதம் கையில் இருந்தால் க்ஷேமம் என்ற நம்பிக்கையை எழுத்தே உண்டாக்கிக் கொடுத்துவிட்டது.

அந்த நம்பிக்கையின் கதி அந்த ஊரிலேயே இருக்கிறது. வீட்டைப் பார்வையிட அதிகாரியோடு போனபோது ஆச்சி இரும்புப்பெட்டியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துக் காட்டினார். மாமனார் காலத்து பர்மா நிலப் பத்திரங்கள். கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் பயிர்நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் வசம் இருந்தது. நெல் விலை வீழ்ந்து, பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போக, ஈடாக இருந்த நிலம் கைமாறி, 1938க்குள் அது ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. கடன் கொடுத்தவர்கள் விரும்பியது நிலமல்ல, ரொக்கம். வந்ததோ நிலம். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன. நிலம் இல்லை. நம்முடைய பர்மா ஞாபகங்களில் இந்த இழப்புக்கு இடம் உண்டு. அதே பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு முதலில் இழந்தவனுக்கு இடம் இல்லை. இரண்டு பேரையும் ஒரே காகிதம்தான் ஏமாற்றியது என்று எழுதுகிறவன் நமக்குக் கிடைக்கவில்லை.

இதன் அருகில் வந்தவர் சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம். 'கடலுக்கு அப்பால்' நாவலில், பினாங்கில் லேவாதேவி செய்யும் வயிரமுத்துப் பிள்ளை, துப்பாக்கி தூக்கியவன் என்பதற்காகச் செல்லையாவுக்கு மகளைத் தர மறுக்கிறார். ஈட்டுப் பொருளை எடை போடும் கண்ணால் மருமகனை எடை போடுகிறார். சிங்காரம் அவரைக் கொடியவராக்கவில்லை. அவருடைய கவலை நியாயமானது. அந்தக் கவலை நீங்குவதற்கு மகள் ஈடாகிறாள். 'பாதுகாப்பு' என்ற சொல்லை ஒருமுறைகூட விவாதிக்காமல் அதன் விலையைக் காட்டிவிடுகிறது நாவல்.

அரசும் இந்தச் சொல்லை இப்படித்தான் கையாண்டிருக்கிறது. 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன்தொகை கேட்டது. ஆட்சேபகரமாக ஏதாவது அச்சானால் பறிமுதல். 1971இல் வந்த மிசாவின் பெயரிலும் உள்நாட்டுப் பாதுகாப்பு இருந்தது. நெருக்கடி நிலையில் அதன் பேரால் உள்ளே போனவர்களுக்கு அது எந்தப் பாதுகாப்பு என்று தெரியும்.

எனவே மொழிபெயர்க்கிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தச் சொல் வரும் இடத்தில் கவலை நீங்குவது யாருக்கு, ஈடாவது யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஈடு, பிணை, ஜாமீன், காவல், காப்பு, அசட்டை எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. 'பாதுகாப்பு' என்று பொதுவாகப் போட்டுவிட்டால் பலம் உள்ளவனுடைய பொருளே நின்றுவிடும்.

ஆச்சியிடம் "இருக்கும் ஆச்சி" என்றேன். காகிதத்தைப் பொறுத்தவரை அது உண்மை. வீட்டைப் பற்றி அவர் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் எதைக் கேட்டார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.