காசிமாவின் கடைசி போர்டு எப்படி இருந்தது?

2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். வயது 17. சுமார் ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 அன்று, லண்டனில் மைக்கேல் வான் கெர்வனை 7–3 என்று தோற்கடித்து லூக் லிட்லர் டார்ட்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். அவருக்கும் 17.

லிட்லரைப் பற்றி எனக்கு ஏகப்பட்டது தெரிகிறது. முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் 4–2 என முன்னிலையில் இருந்தபோது டபுள் 2 என்கிற அந்த மெல்லிய பட்டையைத் தவறவிட்டார். விழுந்திருந்தால் 5–2. விழவில்லை. லூக் ஹம்ப்ரீஸ் 7–4 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். டார்ட்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான் அந்த ஒரு அம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். சரி, காசிமாவைப் பற்றி? அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவ்வளவுதான்.

நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரே அச்சில் வார்த்தவை: ஆட்டோ, சின்ன வீடு, கண்ணீர், தங்கம். வறுமை பொய்யில்லை. ஆனால் வறுமை எப்படி ஒரு காயைப் பாக்கெட்டில் போடும்? என் வேலையில் பிழை அறிக்கை எழுதுகிறவர் ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம். எந்தப் படியில் நின்றது என்று சொல்ல வேண்டும். வெற்றிக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

சினிமாவும் விதிவிலக்கில்லை. ‘வட சென்னை’யின் (2018) அன்பு அருமையான கேரம் ஆட்டக்காரன். ஆனால் சிறைக்குள் நடக்கும் அந்தக் கேரம் போட்டியில் நாம் காத்திருப்பது கத்திக்குத்தான். போர்டில் எந்தக் காய் எங்கே கிடந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? படத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் உறுத்துகிறது.

டார்ட்ஸும் ஒருகாலத்தில் மதுக்கடை மூலையில் கிடந்த ஆட்டம்தான். 1990களின் தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்தார்கள், ஸ்கை தொலைக்காட்சி வந்தது, பணம் வந்தது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. சிட் வாடல் என்கிற சுரங்கத் தொழிலாளி மகன், கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர், பல பத்தாண்டுகள் இந்த ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னார். 2012-இல் அவர் இறந்த பிறகு உலகக் கோப்பைக்கே அவர் பெயரை வைத்தார்கள். லிட்லர் தூக்கியது ஒரு வர்ணனையாளர் பெயர்கொண்ட கோப்பை!

கேரமில் சொல்வதற்கு விஷயம் இல்லையா? ஒரு ஆட்டம் 25 புள்ளி. சிவப்புக் காய்க்கு 3. ஆனால் 22-ஐத் தொட்டவருக்கு அந்த மூன்று சேராது. அப்போதும் அவர் சிவப்பை எடுக்கப் பார்ப்பார், ஏனென்றால் எதிராளி எடுத்துவிட்டால் ஆபத்து. தன் காயைப் போடுவதா, எதிராளியின் பாக்கெட்டை அடைத்து வைப்பதா? நாற்காலியை நகர்த்தக்கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குப் போட வேண்டும். இதை யாராவது எழுதினால் நான் காசு கொடுத்துப் படிப்பேன்.

இது ரசனைப் பிரச்சினை மட்டுமில்லை, பிழைப்புப் பிரச்சினையும்கூட. லிட்லருக்கு அன்று கிடைத்த 5 லட்சம் பவுண்டு பரிசு, போட்டிக்குள்ளேயே இருக்கும் பணம். பார்க்க ஆள் இருப்பதால் வருவது. காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் அது ஜெயித்த பிறகு ஒருமுறை வருவது. மற்ற நாட்களுக்கு நம் கேரம் ஆட்டக்காரர்கள் நம்புவது எல்.ஐ.சி., ரிசர்வ் வங்கி, எண்ணெய் நிறுவனங்கள் மாதிரி இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை. தொழில் அங்கே, ஆட்டம் அதற்கான நுழைவுச்சீட்டு.

இத்தனைக்கும் சென்னையில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. மரிய இருதயம் 1991, 1995 இரண்டிலும் உலகச் சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன். காசிமாவுக்கு அடுத்த ஆண்டே, 2025 டிசம்பரில், காசிமேடு கீர்த்தனா மாலத்தீவில் மூன்று தங்கம் வாங்கினார். ஒவ்வொரு முறையும் ஏதோ முதல்முறை நடந்தது மாதிரி ஆச்சரியப்படுகிறோம். முந்தைய ஆட்டத்தை எழுதி வைத்திருந்தால்தானே அடுத்ததை அதோடு ஒப்பிட முடியும்?

விமர்சகர்கள் இல்லாமல் இல்லை. காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ தெருமுனை போர்டைச் சுற்றி நிற்கிறவர்களைக் கேளுங்கள். “அந்தக் காய ஏன்டா தொட்ட, வழி தொறந்து உட்டுட்ட பாரு” என்று ஒரே வரியில் ஆட்டத்தைப் பிரித்துப் போடுவார்கள். அந்த வரியைக் கேட்டு எழுத வேண்டும். காசிமாவிடமும் கீர்த்தனாவிடமும் அடுத்து பேட்டி எடுக்கப் போகிறவர்கள் வீட்டைப் படம் பிடிக்கட்டும், பரவாயில்லை. கூடவே ஒரு போர்டையும் கொண்டுபோய், கடைசிக் காய்களை அடுக்கிக் காட்டச் சொல்லட்டும்.