வேறு விசேஷம் ஒன்றுமில்லை

பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணனுக்கு நாஞ்சில் நாட்டுத் தங்கை எழுதும் இன்லண்ட் கடிதத்தில், முதல் நாலு வரியைத் தாண்டினால்தான் ருசி. பிள்ளையார் சுழியோ, ‘கிறிஸ்துவுக்குள் பிரியமான’ என்ற தொடக்கமோ, அது அவரவர் வீட்டு வழக்கம். பிறகு நலம், நலமறிய ஆவல். அவ்வளவும் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது.

அடுத்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கையெழுத்து ஒன்று, குரல் இரண்டு. ‘நீங்கள்’ என்று மரியாதையாக ஓடிவந்த வரி, ‘சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தலையோடு படுக்காதே’ என்று சட்டென ஒருமைக்கு இறங்கும். மேற்கோள் குறி இல்லாமல் ஆள் மாற்றிப் பேசவைக்க நாவலாசிரியர்கள் என்ன பாடுபடுகிறார்கள்!

சேதிகளுக்கு இடம் ஒதுக்குவதில் தங்கைக்கென்று ஒரு கணக்கு உண்டு. பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்து கன்னிப்பூ நடவு முடிந்ததற்கு அரை வரி. கீழத்தெருப் பெரியவர் தவறியதற்கும் அரை வரிதான். செவலைப் பசு ஈன்றதற்கோ அரைப் பக்கம்: கிடாரிக்கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, முதல் எட்டில் முன்னங்கால் மடங்கி விழுந்தது, சீம்பால் யார் யார் வீட்டுக்குப் போனது. அண்ணன் ஊரில் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். தொழுவத்தில்தான்.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அரைப்பரீட்சை நெருங்கும் வேளை. விடுதிப் பையன் வர முடியாது. கூட்டம், கடை, வளையல், தம்பி தொலைந்து கிடைத்த கதை எல்லாவற்றையும் தாளிலேயே அனுப்பியாக வேண்டும். 1956 நவம்பர் 1-இல் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேரும்வரை, ஆரல்வாய்மொழிக்கு அப்பால், பாளையங்கோட்டைப் பக்கம், வேறு ராஜ்யம் என்பதே பேச்சு. அந்தக் காலத்துக் கடிதங்களில் ஊர்க்கதை இன்னும் தாராளமாக இருப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

கடைசியில் ‘மற்றபடி வேறு விசேஷம் ஒன்றுமில்லை’ என்று வரும். கடிதம் அங்கே முடிந்ததாக நினைப்பவருக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். ஓரங்களில், தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், தங்கை தன் சேதியைத் தொடங்குகிறாள். ஆச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. விலை ஏறும்வரை காத்திராமல் பத்தாயத்து நெல்லை அப்பா விற்றுவிட்டார், விடுதிப் பணத்துக்காக. நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வரிகள் பசை ஒட்டும் மடிப்புவரை போகும். பிளேடு வைத்து நிதானமாகப் பிரிக்க வேண்டும். அவசரக்காரன் கிழித்தால், விற்ற நெல் எத்தனை கோட்டை என்பது மடிப்போடு போய்விடும்.