நீதியைப் பாடியவரும் நீதியை மொழிபெயர்த்தவரும்

போன மாசம் மம்சாபுரம் போயிருந்தப்ப, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நிலத் தகராறில் வந்த ஹைகோர்ட் தீர்ப்பு நகலோடு வந்தார். "ஜெயிச்சிட்டோம்னு வக்கீல் சொல்றார் தம்பி. என்ன எழுதியிருக்குன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க." முழுக்க இங்கிலீஷ். வாசித்து விளக்க ஒரு மணி நேரமாச்சு. அப்போது எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) ஞாபகம்தான் வந்தது.

விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். கிறிஸ்தவ மரபில் இந்த நான்கும் தலையான நற்பண்புகள். லத்தீனில் இவற்றின் பெயரே 'கதவின் கீல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பட்டியல் பிளேட்டோ காலத்தது. அதைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் 4-ம் நூற்றாண்டு ஆயர் அம்புரோஸ். பிறகு தாமஸ் அக்வினாஸ் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: மற்ற பண்புகள் நம்மைச் சீர்படுத்தும், நீதி அடுத்தவரை நோக்கியது, அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுப்பது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வேதநாயகத்தைப் படித்தேன். அவர் கத்தோலிக்கர், 1857-ல் தரங்கம்பாடி முன்சீப் ஆனவர். 1859-ல் வந்த 'நீதி நூல்' நல்ல நூல்தான். பெண் கல்வி, கைக்கூலி பற்றியெல்லாம் அன்றைக்கே எழுதியது துணிவு. ஆனாலும் எனக்கு ஒரு குறை. லஞ்சம் வாங்காதே என்று அது அதிகாரியிடம் சொல்கிறது; லஞ்சம் கொடுத்து ஏமாந்தவன் கையில் எதையும் கொடுப்பதில்லை. அறிவுரை வாங்குபவன் மனசு வைத்தால்தான் பலன்.

1862-ல் வந்த 'சித்தாந்த சங்கிரகம்' அப்படியல்ல. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளை அதில் தமிழாக்கினார். செய்யுள் கிடையாது, அணி கிடையாது. இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடும். என் கணக்கில் அவருடைய உண்மையான நீதி நூல் அதுதான். சட்டம் தெரிந்தவனிடம் மட்டும் இருந்த பலத்தைத் தெரியாதவனுக்கும் பங்கு வைத்தது.

'அது ஆபீஸ் வேலை, இதில் புண்ணியம் எங்கே வந்தது?' என்று கேட்கலாம். முன்சீப்பின் வேலை தீர்ப்புச் சொல்வது, மொழிபெயர்ப்பது இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சொந்தச் சொத்தைக் கொடுத்துக் கஞ்சி ஊற்றியவரும் இதே மனிதர்தான். பஞ்சத்தில் கொடுத்ததை தர்மம் என்று ஊர் உடனே கொண்டாடியது. தமிழில் கொடுத்த சட்டமும் அதே கை கொடுத்ததுதான்.

பெரியவர் கிளம்பும்போது, "இதைத் தமிழ்லயே கொடுத்தா என்னங்க?" என்றார். 1862-லேயே ஒருத்தர் கொடுத்தார் ஐயா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.