கன்டெய்னர் பயிற்சிக்களம்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

இணையப் பாதுகாப்பு கற்கும் மாணவருக்கு முதல் தடையே களம்தான். அடுத்தவர் சர்வரில் அனுமதியின்றிக் கைவைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவு பாயலாம். அதனால் ஓட்டையுள்ள மென்பொருளைத் தன் கணினியிலேயே நிறுவித் தாக்கிப் பழக வேண்டும். முன்பெல்லாம் இதற்குப் பல ஜி.பி. அளவுள்ள மெய்நிகர் கணினியைப் பதிவிறக்கியாக வேண்டும். 2013-இல் கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் வந்தபின் நிலைமை மாறியது. எந்த இமேஜ், எந்தப் பதிப்பு, எந்த போர்ட் என்று சில வரிகளில் டெம்ப்ளேட் எழுதிவைத்தால், ஒரே கட்டளையில் களம் தயார். ஓவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷாப் என்ற ஓட்டைச் செயலியும், வல்ஹப் என்ற ஓட்டைக் களங்களின் தொகுப்பும் இப்படித்தான் மாணவர் கைக்கு எளிதாக வந்து சேர்கின்றன.

இந்த முறை பரவ வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் டெம்ப்ளேட் எழுதுவோரிடம் இரண்டு நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. டெம்ப்ளேட் பழைய நிலையை அப்படியே உறையவைத்துவிடும் என்பது ஒன்று. கன்டெய்னருக்குள் நடப்பது வெளியே வராது என்பது மற்றொன்று. இரண்டும் பாதிதான் உண்மை.

முதலில் நிறையைப் பார்ப்போம். 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லாக்4ஷெல் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வல்ஹப்பில் அதற்கான களம், ஆப்பாச்சி சோலர் 8.11.0. அதற்குள் இருப்பது, இந்த ஓட்டையைக் கொண்ட பதிவு நூலகமான லாக்4ஜே 2.14.1. உலாவியிலிருந்து போகும் கோரிக்கைக்குள் ஒரு ஜே.என்.டி.ஐ. முகவரியைப் பொதிந்து அனுப்பினால், சோலர் அதைத் தன் பதிவேட்டில் எழுதும்போதே அந்த முகவரியைத் தேடி வெளியே போகிறது. மாணவர் இதைக் கண்ணால் பார்க்கிறார். இந்த ஓட்டைக்கு வந்த முதல் திருத்தமான 2.15.0 முழுமையாக இல்லை. சில நாட்களிலேயே 2.16.0, அதன்பின் 2.17.0 என்று அடுத்தடுத்து வெளியிட வேண்டியதாயிற்று. டெம்ப்ளேட்டில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினால் எந்தத் திருத்தம் எதை அடைத்தது, எதை விட்டது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். எந்தப் பாடநூலும் இதைத் தராது.

இதே களத்தில்தான் முதல் குறையும் ஒளிந்திருக்கிறது. டெம்ப்ளேட் எழுதியவர் லாக்4ஜே பதிப்பைச் சரியாகக் குறித்துவிட்டு, ஜாவா இமேஜுக்கு மட்டும் 'லேட்டஸ்ட்' என்று போட்டுவிட்டார் என வைத்துக்கொள்வோம். ஜாவா 8-இன் 191-ஆம் அப்டேட் முதல், ஜே.என்.டி.ஐ. முகவரி காட்டும் எல்டாப் சர்வரிலிருந்து வெளி கிளாஸை ஏற்றும் வழி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. புதிய இமேஜ் இறங்கியதும், நேற்றுவரை ஓடிய தாக்குதல் நின்றுபோகும். ஓட்டை அடைபட்டுவிட்டது என்று மாணவர் முடிவுகட்டுவார். உண்மையில் லாக்4ஜே அப்படியேதான் இருக்கிறது. சூழல் மாறிகளில் உள்ள ரகசியங்களை அதன் வழியே இப்போதும் வெளியே கடத்தலாம். பாதுகாப்புப் பயிற்சியில் தவறான நிம்மதியைவிடக் கெடுதலான பாடம் இல்லை. 'லேட்டஸ்ட்' என்ற சொல்லுக்குக் களத்தில் இடமே கூடாது. டேக்கையும் முழுதாக நம்பக் கூடாது, அதே பெயரில் வேறு இமேஜை ஏற்ற முடியும். ஷா-256 டைஜெஸ்ட்டைக் குறித்தால்தான் இமேஜ் மாறாது. டாக்கர்ஃபைலில் பழைய டெபியன் தொகுப்புகளை நிறுவுவோர், ஆதரவு முடிந்த வெளியீடுகள் ஆவணச் சர்வருக்கு நகர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை ஆபத்தானது. கன்டெய்னருக்கென்று தனி கெர்னல் கிடையாது. லினக்ஸ் மடிக்கணினியில் ஓட்டினால் உங்கள் கணினியின் கெர்னலைத்தான் அது பகிர்ந்துகொள்கிறது. 2022-இல் வெளிவந்த டர்ட்டி பைப் போன்ற கெர்னல் ஓட்டைக்கு டெம்ப்ளேட் எழுதுவது பொருளற்றது. அந்த ஓட்டை இமேஜுக்குள் இராது. இருந்தால் அது உங்கள் கணினியிலேயே இருக்கும். 2019 பிப்ரவரியிலும் 2024 ஜனவரியிலும் ரன்சி என்ற அடித்தளக் கருவியிலேயே, கன்டெய்னரிலிருந்து வெளியேற வழிவிடும் ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. நிஜ வைரஸைக் கன்டெய்னரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு இணையம் துண்டித்த மெய்நிகர் கணினியே தக்கது. ஏதோ ஓடவில்லை என்பதற்காகப் 'பிரிவிலேஜ்டு' கொடியைச் சேர்ப்பதும், டாக்கர் சாக்கெட்டை உள்ளே இணைப்பதும், இருக்கும் மெல்லிய சுவரையும் நாமே இடிப்பதாகும்.

இத்தனை நுட்பமான தாக்குதலுக்குக்கூடப் போக வேண்டாம், களத்தை வெளியாருக்குத் திறந்துவிட ஒரு வரியே போதும். கம்போஸ் கோப்பில் போர்ட்டை 8983:8983 என்று எழுதினால், லினக்ஸில் அது கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறக்கும். டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுவதால், உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ. ஃபயர்வால் அதைத் தடுக்காது. விடுதி வைஃபையில் இருக்கும் எவரும் அந்த ஓட்டைச் சர்வரைத் தொடலாம். 127.0.0.1:8983:8983 என்று எழுதினால் சொந்தக் கணினியோடு நிற்கும். தாக்கும் கன்டெய்னரையும் தாக்கப்படுவதையும் வெளித்தொடர்பற்ற உள்-நெட்வொர்க்கில் வைத்தால் இன்னும் நல்லது. இவ்வளவு எளிய காப்பு பொதுவெளியில் கிடைக்கும் பல டெம்ப்ளேட்டுகளில் இல்லாதது வருத்தம் தருகிறது.

வலைச் செயலிகளின் ஓட்டைகளைக் கற்பிக்கக் கன்டெய்னர் டெம்ப்ளேட்டைவிடச் சிறந்த வழி இன்று இல்லை. கெர்னல், லினக்ஸ் கெர்னலில் ஓடாத விண்டோஸ் சர்வர், நிஜ வைரஸ் ஆகிய மூன்றுக்கும் லினக்ஸ் கன்டெய்னரை நம்பாதீர்கள். டெம்ப்ளேட் வெளியிடும் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோப்பின் தலையிலேயே, எந்த ஓட்டை, எந்த டைஜெஸ்ட், எந்த முகவரியில் திறக்கும், எதற்கு இது பயன்படாது என்ற நான்கையும் எழுதிவிட்டு வெளியிடுங்கள்.