நாள் குறித்துப் பூக்கும் ஊர்

ஓசூர் என்றதும் பலருக்கும் சிப்காட் வாசலும் லாரி வரிசையும்தான் கண்முன் வரும். எனக்கு ரோஜா மொட்டின் தலையில் மாட்டியிருக்கும் வலைத்தொப்பி வரும்.

பாகலூர்ப் பக்கம் ஒரு பசுமைக்குடிலுக்குள் ஜனவரிக் கடைசியில் போயிருந்தேன். விடிந்து அதிக நேரமாகவில்லை. பாலித்தீன் கூரையின் உட்புறத்தில் பனி துளித்துளியாகக் கோத்து நின்றது. முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்திகள்; பாத்திக்கு இரண்டு வரிசையாகத் ‘தாஜ்மஹால்’ ரகச் செடிகள். பிப்ரவரி 14-க்காக ஓசூர் வளர்க்கும் சிவப்பு ரோஜா இதுதான். ஒவ்வொரு மொட்டுக்கும் வெள்ளை நைலான் வலை. அது இதழ்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மொட்டு அவசரப்பட்டு விரியாமல் உள்ளேயே திரண்டு பருக்கும்.

முதலில் என் கண்ணுக்குப் பட்டது ஒரு குறை. செடிகளின் பாதிக் கிளைகள் மடங்கி நடைபாதைப் பக்கம் சாய்ந்து கிடந்தன. யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது வேண்டுமென்றே செய்த வேலை. மெலிந்த கிளைகளை ஒடிந்துவிடாமல் வளைத்துச் சாய்த்துவிடுகிறார்கள். அவை பூக்க வேண்டாம். இலை விரித்து வெயிலைக் குடித்தால் போதும். அந்த உணவை வாங்கிக்கொண்டு அடியிலிருந்து ஒரு தடித்த தண்டு நேராகக் கிளம்பும். பக்க மொட்டுகளைக் கிள்ளி எறிந்து, அந்த ஒரு தண்டின் உச்சியில் ஒரே ஒரு பூவை நிறுத்துகிறார்கள். சிற்பி கல்லைக் கழிப்பதுபோல் இவர்கள் செடியைக் கழிக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கலையின் உயிர் வடிவத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. ஒரு தண்டை வெட்டினால் அதே இடத்தில் அடுத்த பூ வெட்டுக்கு வர ஏறக்குறைய 45 முதல் 50 நாள். காதலர் தினத்துக்குக் கடல் கடக்க வேண்டிய பூ ஜனவரிக் கடைசியில் கைக்கு வந்தாக வேண்டும். அதற்குக் கவாத்து டிசம்பர் நடுவில். ஒரு வாரம் முந்தினால் சந்தை இல்லை. ஒரு வாரம் பிந்தினால் விலை இல்லை. குளிர் கூடும் இரவுகளில் பக்கத் திரைகளை இறக்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த பெண் சொன்னார்: “குளிர் ஏறினா மொட்டு தூங்கிடும் சார். பதினாலாம் தேதி தாண்டி முழிச்சு என்ன பண்றது?”

வெட்டிய உடனே வாளித் தண்ணீர், பிறகு குளிர் அறை. தண்டின் நீளத்தைப் பார்த்து 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று தரம் பிரித்து, இருபது இருபதாக அட்டையில் சுற்றுகிறார்கள். வெளிநாட்டுக்குப் போவது இறுகிய மொட்டு. உள்ளூருக்குச் சற்று இதழ் தளர்ந்தது. விரலால் தொட்டே இரண்டையும் பிரித்துவிடும் கைகள் அவை.

இதே ஊரில்தான் டைட்டன் கடிகாரமும் உருவானது. டாடா குழுமத்தோடு சேர்ந்து 1984-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது தமிழக அரசின் டிட்கோ. அமுதகொண்டபள்ளியில் ஏற்றுமதி ரோஜாவுக்காக எழுந்த டான்ஃப்ளோராவிலும் அதே டிட்கோ பங்காளி. கடிகாரத்தையும் ரோஜாவையும் ஒரே கை நட்டிருக்கிறது. இரண்டும் நேரம் தவறாமையை விற்கும் தொழில் என்பதால் இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஓசூருக்குக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், செம்மண், மிதமான வெயில், குளிர்ந்த இரவு. இந்த வரம் பெங்களூருக்கும் உண்டு. அங்கே 1760-இல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார் ஹைதர் அலி. அவர் மகன் திப்பு பிறந்த தேவனஹள்ளியில்தான் இன்று பெங்களூரு விமான நிலையம் இருக்கிறது. ஓசூர் ரோஜா விமானம் ஏறுவதும் அங்கேதான். பெங்களூரின் தோட்டத்தொழிலில் பெயர்பெற்ற திகளர் சமூகத்தின் பேச்சில் தமிழ் இன்னும் கலந்திருக்கிறது. தோட்டக்கலைக்கு மாநில எல்லை எப்போதும் மெல்லிய கோடுதான்.

லால்பாகின் கண்ணாடி மாளிகை 1889-இல் கால்கோள் கண்டது. அதைவிடப் பெரிய படைப்பாக நான் கருதுவது கண்ணாடியும் இரும்பும் இல்லாத ஒன்றை. ஜெர்மானியத் தோட்டக்கலைஞரான கிரும்பீகல் 1908-இல் பெங்களூருக்கு வந்தார். ஆண்டின் எந்த மாதத்திலும் நகரத்தின் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சாலை மரங்களை நட வழி செய்தார். மஞ்சள் டபேபுயா உதிரும்போது ஜகரண்டா ஊதா விரிக்கும். அது ஓயும்போது குல்மோஹர் தீப்பற்றும். பசுமைக்குடிலில் ஒரு நாளுக்காகச் செய்யும் கணக்கை அவர் ஒரு நகரத்துக்காக, நூறு ஆண்டுக்குச் சேர்த்துச் செய்திருக்கிறார். பெங்களூருக்குத் தோட்ட நகரம் என்ற பெயர் நிலைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் ஆலைகளும் அலுவலகங்களும் அந்த ஊரைத் தேடி வந்ததற்கு அந்த நிழலும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புக்காரருக்கும் இந்தக் காலக்கணக்கு தெரியும். விதையிலிருந்து வந்த மா காய்க்க ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். ஒட்டுக்கன்று மூன்று நான்கில் காய்த்துவிடும். ஒரு கத்தியும் ஒரு பிளாஸ்டிக் நாடாவும் நான்கு ஆண்டை மிச்சப்படுத்துகின்றன. இந்தப் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் ஓடுவது அந்த ஒட்டின் மேல்.

இத்தனை கைப்பழக்கமும் இருக்கும் ஓசூர், தன் தெருக்களுக்கு அதைச் செலவிடவில்லை என்பது என் ஆற்றாமை. ஊர் 2019-இல் மாநகராட்சியானது. 2024 ஜூனில், 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் இங்கே வரும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சாலைகள் அகலமாகும், மனைகள் பிரியும். நிழல் தரும் அளவுக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம் விரிய ஆண்டுகள் பல ஆகும். அதற்கு அவசரக் கவாத்து கிடையாது. மாநகராட்சியும் ஆலை நிர்வாகங்களும் தளியிலும் பாகலூரிலும் இருக்கும் பூ விவசாயிகளை உட்காரவைத்துக் கேட்கட்டும்: எந்தச் சாலையில், எந்த மாதத்துக்கு, எந்த மரம்? வரும் மழைக்கு முன் குழிகளைத் தோண்டிவிடுங்கள்.