நிமிர்த்தி வைத்து ஆட வேண்டிய டாங்கி காங்

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் டாங்கி காங் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, 1983இல் ஃபேமிகாம் கன்சோலுக்காகச் சுருக்கி எழுதப்பட்டது. ஆன்லைன் சந்தா கட்டுபவர்களுக்கு அதோடு சேர்ந்தே வரும். இன்னொன்று, 1981இல் காசு போட்டு ஆடிய அசல் ஆர்கேட் ஆட்டம். ஹாம்ஸ்டர் நிறுவனம் ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ வரிசையில் 2018இல் இறக்கியது, விலை 7.99 டாலர். சந்தாவிலேயே ஒன்று இருக்கும்போது இதற்குத் தனியாக எட்டு டாலர் எதற்கு?

எல்லோரும் சொல்லும் பதில், காணாமல்போன 50 மீட்டர் ஸ்டேஜ். அசலில் 25, 50, 75, 100 மீட்டர் என நான்கு ஸ்டேஜ்கள். கன்வேயர் பெல்ட்டில் சிமென்ட் தட்டுகள் நகரும் 50 மீட்டரை ஃபேமிகாமில் அடியோடு தூக்கிவிட்டார்கள். நாயகி பாலீனைத் தூக்கிக்கொண்டு குரங்கு காங் ஏணியேறும் தொடக்கக் காட்சியும் போயிற்று. இதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. அட்டாரி 2600க்கு வந்ததில் மொத்தமே இரண்டு ஸ்டேஜ்தான்!

காசு கொடுத்து வாங்கியும் 50 மீட்டரைப் பார்க்காமலே போக வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுப் பதிப்பில் முதல் சுற்று 25, 100 இரண்டோடு முடிந்துவிடும். பெல்ட் ஸ்டேஜ் மூன்றாம் சுற்றில்தான் தலைகாட்டும். மெனுவில் ஜப்பான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், நான்கும் வரிசையாக வரும்.

என் கணக்கில் பெரிய வித்தியாசம் திரையின் வாட்டம். ஆர்கேட் பெட்டியின் திரை நிமிர்ந்து நிற்கும்: அகலம் 224 புள்ளி, உயரம் 256. ஏறுவதே ஆட்டம், ஸ்டேஜுக்குப் பெயரே மீட்டரில். வீட்டு டிவியின் படுத்த திரைக்காக ஃபேமிகாமில் அந்த உயரத்தை அமுக்கிவிட்டார்கள்.

ஸ்விட்ச்சின் சொந்தத் திரை 1280க்கு 720. படுக்கை வாட்டில் 256 வரிகளைப் பிசிறில்லாமல் இரண்டு மடங்காக்கத்தான் இடம். இருபுறமும் கறுப்புப் பட்டை. செட்டிங்ஸில் படத்தைத் திருப்பி, கன்ட்ரோலர்களைக் கழற்றிவிட்டுத் திரையைச் செங்குத்தாக நிறுத்தினால் மும்மடங்கு தாங்கும். பின்னால் இருக்கும் ஸ்டாண்ட் இதற்கு உதவாது, சுவரிலோ கனமான புத்தகத்திலோ சாய்க்க வேண்டும். அப்புறம் பாருங்கள்: காங் உருட்டிவிட்ட பீப்பாய் ஏணியில் இறங்குமா, நேரே போகுமா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஏணிக்கு ஓடுவதா, நின்று தாண்டுவதா என்று யோசிக்க அவகாசம் இருக்கிறது.

கட்டுப்பாடுதான் கொஞ்சம் இடறல். ஆர்கேட் ஜாய்ஸ்டிக் நான்கு திசையில் மட்டும் அசையும். கன்சோலின் ஸ்டிக் எப்பக்கமும் சாய்வதால் ஏணியடியில் ஆள் தடுமாறுகிறான். இடது கன்ட்ரோலரின் நான்கு பொத்தான்களே மேல்.

உயிர்களை 3 முதல் 6 வரை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு புள்ளி என்று பார்க்கும் ‘கேரவன்’ மோடும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அளவெடுத்த மாதிரி. 22ஆம் லெவலின் பழைய கோளாறும் பத்திரமாக இருக்கிறது: நேரக் கணக்கு 260 ஆகி, 255க்கு மேல் கொள்ளாத ஒரு பைட்டில் வழிந்து 4 ஆகிவிடும். மேலே ஏறுமுன் நேரம் தீர்ந்து ஆள் அவுட். அங்கே போய்ச் சேர்கிறவர்கள் தனி ரகம்.

டிவியில் மட்டும் ஆடுபவருக்குச் சந்தாவில் வருவதே போதும். திரையை நிமிர்த்தப் பொறுமை இருந்தால் எட்டு டாலரைத் தயங்காமல் கொடுக்கலாம்.