பாட்டைத் தனியே பிரித்தால்: ‘கண்கள் இரண்டால்’ காட்சியும் ஊடகக் கோட்பாடுகளும்

மேற்கில் இசை வீடியோ என்பது பாட்டை விற்பதற்கென்றே எடுக்கப்படும் குறும்படம். நம்மிடம் அந்த இடத்தைச் சினிமாப் பாட்டு எப்போதோ பிடித்துக்கொண்டது. படத்துக்குள் பிறந்தாலும் இசைச் சேனல், ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபம், கைப்பேசி என்று அது தனியாகவும் பிழைத்துக்கொள்கிறது. இந்த இரட்டைப் பிழைப்பை ஊடகக் கோட்பாடுகள் எந்த அளவு விளக்குகின்றன என்று பார்க்க, ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்தின் ‘கண்கள் இரண்டால்’ பாட்டு தோதானது.

சசிகுமார் இயக்கிய படம். கதை நடப்பது 1980ஆம் ஆண்டு மதுரையில். பாட்டுக்கு இசை ஜேம்ஸ் வசந்தன், வரிகள் தாமரை. ரீதிகௌளையின் சாயல் கொண்ட மெட்டு. நடனக் குழு இல்லை, வெளிநாடு இல்லை. தெருவில் போகும் நாயகி துளசி திரும்பிப் பார்க்கிறாள்; நாயகன் அழகர் தலையை ஆட்டிச் சிரிக்கிறான். ஏறக்குறைய இவ்வளவுதான் காட்சி.

சினிமாவில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண், கேமராவும் ஆணின் கண்ணாகவே இயங்குகிறது என்றார் லாரா மல்வி (1975). இந்தப் பாட்டில் துளசியும் பார்க்கிறாள், கூச்சப்படுவது அழகர். மல்வியின் வாதம் இங்கே செல்லாது என்று தோன்றும். ஆனால் படம் முடிவதற்குள், வீட்டாரின் நெருக்கடியால் துளசியே அழகரை வரவழைக்கிறாள், அவன் கொல்லப்படுகிறான். பார்வை அவளுடையது, அதன் மீதான அதிகாரம் வீட்டு ஆண்களுடையது. இதைப் புரிந்துகொள்ளக் குடும்பத்தையும் சாதியையும் பேசும் ஆய்வுகள் வேண்டும். மதுரையைக் களமாகக் கொண்ட படங்கள் சாதிப் பெருமிதத்தையும் அரிவாளையும் எப்படிச் சேர்த்துக் கட்டுகின்றன என்று கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ காரிஞ்சும் 2017இல் எழுதிய கட்டுரை அந்த வகையில் முக்கியமானது.

இசை வீடியோவில் காட்சிகள் கதையைவிட இசையின் போக்கையே பின்பற்றுகின்றன என்கிறார் கேரல் வெர்னாலிஸ் (2004). யூடியூபில் தனியே ஓடும் பாட்டுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. மெட்டு திரும்ப வரும்போது பார்வையும் சிரிப்பும் திரும்ப வருகின்றன. முன்கதையும் இல்லை, பின்விளைவும் இல்லை. வெர்னாலிஸின் கண்ணுக்கு இது முழுமையான காதல். மல்வி வழியாகப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதுவே தூண்டிலுக்கு முந்தைய கட்டம்.

இரண்டில் எது பார்வையாளருடைய பாட்டு? இந்தக் கேள்விக்கு உதவும் இரண்டு நூல்கள் மதுரையில் செய்த கள ஆய்விலிருந்து வந்தவை. 1980களின் நடுவில் இங்கே தங்கி ஏழை ரசிகர்களோடு பழகிய சாரா டிக்கி, தன் நூலில் (1993) அவர்களைத் திரைக்கு மயங்கிய கூட்டமாகக் காட்டவில்லை. சினிமா வேறு, வாழ்க்கை வேறு என்று தெரிந்தே அவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். ரசிகர் மன்றம் வைத்து ஊரில் மதிப்பும் தேடுகிறார்கள். மதுரை, சென்னைக் கல்லூரி மாணவர்களைக் கவனித்த கான்ஸ்டன்டைன் நகாசிஸ் (2016), ஹீரோவின் ஸ்டைலை அவர்கள் அளந்துதான் எடுக்கிறார்கள் என்கிறார். கூடிப்போனால் ‘ஓவரா பண்றான்’ என்று கூட்டாளிகளே வாரிவிடுவார்கள். ‘சுப்ரமணியபுர’மும் இந்த ரசிகர்களை அறிந்த படம்தான், அதன் இளைஞர்கள் ‘முரட்டுக் காளை’ பார்க்கத் தியேட்டருக்குப் போகிறார்கள்.

அனுப்பப்படும் பொருளும் பெறப்படும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று ஸ்டூவர்ட் ஹால் 1973இலேயே சொல்லிவிட்டார். இந்தப் பாட்டு அதற்கும் ஒரு படி மேலே போகிறது. இதைத் தன் கல்யாண வீடியோவில் சேர்க்கச் சொல்பவருக்கு அழகரின் முடிவு தெரியாது என்று நினைக்க முடியாது. தெரிந்தேதான் ஒதுக்கிவைக்கிறார். பாட்டைப் படத்திலிருந்து பிரிப்பது சேனலும் யூடியூபும் மட்டும் செய்யும் வேலையல்ல. ரசிகரும் பாதி எடிட்டர். ரசிகர்கள் எதை வெட்டி எறிகிறார்கள் என்பதையும் படிக்கக் கற்றுக்கொண்டால்தான் கோட்பாடு தமிழ்ப் பாட்டுக்கு உதவும்.